கை தூக்கும் நேரம்

அவைத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் தண்ணீர்ப்பந்தல் குழுத் தலைவர் வீரபாகு மாமா அவர்களே! ஒலிபெருக்கியை எவருக்கும் விட்டுக்கொடுக்காத குழுப் பெரியோர்களே! கழுத்தை முந்தானையால் மூடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பத்தாம் வகுப்பு இளவரசியின் பணிவான வணக்கம்.

போன ஆண்டு கருட சேவையில் என் அம்மா துளசியின் தாலிச் சரடு பறிபோனது. ஊரே துப்பறிந்து குற்றவாளியைக் கண்டுபிடித்தது. யார்? என் அம்மாதான்! ஏன் போட்டுக்கொண்டு போனாள்? ஏன் முன்னால் நின்றாள்? ஏன் கண்ணை மூடினாள்? திருடனைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பாவம், அவன் மனம் நோகுமல்லவா?

நான் கேட்டேன். முதலில் என்ன செய்தான்? அடுத்து என்ன செய்தான்? அண்ணி துர்கா அன்று பந்தலிலிருந்து செல்போனில் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

முதலில் நம் பந்தலுக்கு வந்தான். நீர்மோர் குடித்தான். காத்திருந்தான். எதற்கு? தலைவர் திருவாய் மலர்வதற்கு! மலர்ந்தார்: “யம்மா, திருடனுங்க சுத்திக்கினு இருக்கானுங்க. கழுத்துல இருக்குறத பாத்துக்கோங்கமா.”

பார்த்தார்கள்! முந்தானைக்குள் கிடந்ததை வெளியே எடுத்துப் பார்த்தார்கள், உள்ளே வைத்தார்கள். எந்தக் கழுத்தில் எது கனம், எதில் ஊக்கு இல்லை என்று அவன் தேட வேண்டியதையெல்லாம் நம் குழுவே காட்டிக் கொடுத்தது, நீர்மோரும் கொடுத்து!

பிறகு அம்மாவின் பின்னால் போய் நின்றான். சுவாமியின் குடை அசைந்தது. கருடன் திரும்பினார். ஊரே இரு கை தூக்கிக் கண் மூடியது. அவன் கை மட்டும் கீழே இருந்தது.

‘கண்காணிப்பு கேமரா இல்லையா?’ என்று பின்வரிசை அண்ணன் கேட்கிறார். இருந்ததுங்க அண்ணா. சுவாமியை மிக அழகாகப் படம் பிடித்திருக்கிறது.

பெரியோர்களே, இதில் ஒரு படியை உடைத்தால் போதும், திருட்டு சரியும். அந்த அறிவிப்பை நாளை பந்தலில் சொல்லாமல், இன்றே ஆட்டோவில் பக்கத்து ஐயம்பேட்டை வரை சொல்லுங்கள். வீட்டிலேயே ஊக்கு போட்டு வரட்டும். கை தூக்கும் நேரத்தில் சிலர் கூட்டத்தைப் பார்த்து நில்லுங்கள்.

இதைக் குழுவில் சொன்னபோது தலைவர் கேட்டார்: “சாமிக்கு முதுகு காட்டிக்கினு எவன்மா நிப்பான்?”

நல்ல கேள்வி. சாமியைப் பார்க்காமல் நிற்கத் திருடனால் முடிந்தது. நம்மால் முடியாதாம்!

அம்மாவின் கழுத்தில் இன்று வெறும் மஞ்சள் கயிறு. அதையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால்தான் கும்பிடுகிறாள். நாளைய சேவைக்கு வரமாட்டாளாம்.

முதுகு காட்டி நிற்க நான் வருகிறேன். இன்னும் எத்தனை பேர் வருகிறீர்கள்?

அம்மா, நீ வா. ரெண்டு கையையும் தூக்கு. உன் கழுத்த நான் பாத்துக்கினு நிக்கிறேன்.

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கும், நாளை ஒலிபெருக்கிக்கு ஓய்வு தரப்போகும் தலைவருக்கும் நன்றி. இரு கையும் கூப்பி, வணக்கம்.