திரையில் இருந்த வரி

டீ வேண்டாம் சார், வீட்டில் குடித்துவிட்டுத்தான் வந்தேன். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடும்.

மகிழனும் நானும் கம்பத்தில் ஒரே அறையில் தொழில் தொடங்கியவர்கள். தோட்டத்துக் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே போனில் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்தோம். அதற்குள் இருக்கும் சின்ன சிப்புக்கு புரோகிராம் எழுதியவன் அவன். எழுதினால் மட்டும் போதாது. சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றி உள்ளே ஏற்ற வேண்டும். பெரிய சாஃப்ட்வேர் எதையும் எங்கள் பழைய லேப்டாப் தாங்காது. அதனால் புரோகிராம் எழுத லேசான ஒரு எடிட்டரை இறக்கி, அதோடு ஒட்டி வேலை செய்யும் பிளக்இன் என்ற துணை புரோகிராமை நான் எழுதிச் சேர்த்தேன். ஒரு பட்டனைத் தட்டினால் மாற்றுவதும் ஏற்றுவதும் தானாக நடக்கும். பிழை இருந்தால் அந்த வரி சிவந்து நிற்கும். அதற்கு நான் பட்ட பாடு மகிழனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

சுருளிப்பட்டியிலிருந்து தேவாரம் வரை அதற்கு 'மகிழன் பெட்டி' என்றுதான் பெயர். வீரபாண்டித் திருவிழாவில் விவசாயிகள் அவனை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கீழே நின்று படம் எடுத்தேன். படம் நன்றாகவே வந்தது. எனக்குப் பொறாமை கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு பிளக்இன்னில் சின்னதாக ஒன்றைச் சேர்த்தேன். நிறுத்திய மோட்டார், கரண்ட் போய் வந்தாலும் நின்றபடியே இருக்க வேண்டும் என்று அவன் புரோகிராமில் ஒரு வரி உண்டு. அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஏற்றும்படி செய்தேன். திரையில் வரி இருக்கும், பெட்டிக்குள் இருக்காது. மேஜையில் சோதித்தாலும் தெரியாது. அங்கே லேப்டாப்பிலிருந்தே கரண்ட் வருகிறது, அது போவதில்லை. தோட்டத்தில் மோட்டார் தானாக ஓடும், தண்ணீர் வீணாகும், நாலு பேர் அவனைத் திட்டுவார்கள். அவ்வளவுதான் நினைத்தேன்.

திட்டினார்கள். மகிழன் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "எனக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சுடா, நீ பாரு" என்பான். பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

சுருளிப்பட்டி கருத்தக்கண்ணன் அண்ணன் நல்ல மனிதர். அறுப்புக்கு அறுப்பு எங்களுக்குப் பன்னீர் திராட்சை கொடுத்தனுப்புவார். அன்று காலை மகிழன் போனை எடுக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்.

"விஜய்ராசு, கெணத்துக்குள்ள வயரு ஜாயிண்ட்டு விட்டுப்போச்சுப்பா. இங்கன கரண்டும் இல்ல. கரண்டு போகுமுன்னயே போன்ல மோட்டார நிப்பாட்டிட்டேன். பியூஸ் கட்டையவும் பிடுங்கணுமா, இது போதுமா?"

"போதும்ணே" என்றேன்.

யோசித்துத்தான் சொன்னேன். இத்தனை நாளும் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தோம். அன்றைக்கு மட்டும் பிடுங்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார். காரணம் தெரியாமல் விடுகிற ஆள் இல்லை அவர். கரண்ட் வர நேரமாகும் என்றும் ஒரு கணக்கு இருந்தது. வந்துவிட்டது. அந்த வரி இல்லாத பெட்டி மோட்டாரைப் போட்டது. அவர் கையில் வயர் இருந்தது.

எழவு வீட்டில் அவர் சம்சாரம் சங்கிலியம்மாள் மகிழனைப் பார்த்து, "உன் பெட்டிய நம்பித்தானப்பா எறங்குனாக" என்றார். அந்த அம்மாவுக்கு நான்தான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

திரும்பி வந்ததும் பிளக்இன்னில் நான் சேர்த்ததை எடுத்துவிட்டேன். இப்போது யார் தேடினாலும் கிடைக்காது. நேற்று மகிழன் இந்த ஸ்டேஷனுக்கு வந்து, புரோகிராமில் எங்கேயோ தன் தப்புதான் என்று கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார்கள். நான் பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். திரையில் ஒரு எழுத்துக்கூட மாறாமல், பெட்டிக்குள் மட்டும் ஒரு வரியை இல்லாமல் செய்வது அவனால் முடிகிற காரியமா? அவ்வளவு திறமை அவனுக்குக் கிடையாது. அதைப் போய் அவன் பெயரில் எழுதியிருக்கிறீர்களே.

அவன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள், சார். அது என் வேலை.