மறுபடியும் மஞ்சள்

— உண்மையச் சொல்லுங்க புஷ்பம் அக்கா, டிரம்முல என்ன போட்டீங்க?

— இன்னாத்த போடப்போறேன் கெசியா? நீ சொன்னாப்பல காலீல ஒரு சொம்பு வெல்லத்தண்ணி. அவ்ளோதான்.

— அப்ப இந்த வாடை? மூடியத் தொறந்ததும் பிளீச்சிங் பவுடர் மூஞ்சில அடிக்குது. போன வாரம் தண்ணி தெளிஞ்சு நின்னுச்சு. இப்பப் பாருங்க, உங்க கிணத்துத் தண்ணி மாதிரியே திரும்ப மஞ்சளாயிடுச்சு.

— கொசு மருந்து அடிக்கிறவங்கோ வந்தாங்கோ. டிரம்முல தண்ணி புட்ச்சு வச்சிகீறியேன்னு ஒரே கத்து. பேஜாரா பூட்ச்சு.

— அவங்க போட்டாங்களா?

— நான்தான் போட்டேன். ரெண்டு கை.

— ஐயோ கர்த்தரே! டிரம்முச் சேத்துல வளர்த்த கிருமி அத்தனையும் செத்துப்போச்சுக்கா. தோல் கம்பெனிங்க விட்டுட்டுப் போன குரோமியம் பம்மல் முழுக்கக் கிணத்துக்குக் கிணறு இறங்கிக் கெடக்கு. அந்த விஷத்த அடக்குற கிருமி இது ஒண்ணுதான் எங்களுக்குக் கிடைச்சுது.

— உங்க காலேஜுல இன்னும் வச்சிருப்பியே?

— ஃப்ரீசர் ரிப்பேராகி அங்க இருந்தது போன மாசமே போச்சு. இங்க டிரம்முல இருக்கேன்னு தைரியமா இருந்தேன். நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசர் வர்றாரு. தண்ணி தெளிஞ்சிருந்தா தெருவுக்கே இதே மாதிரி பெரிய தொட்டி கட்டித் தர்றேன்னாரு. இல்லன்னா ஃபைல மூடிடுவாரு. உங்க பேத்தி காலெல்லாம் புண்ணாக் கெடக்கேன்னுதானே உங்க வீட்டுலயே டிரம்ம வச்சேன்!

— அழாதம்மா. வேற சேறு எட்தாந்து வளர்க்கக்கூடாதா?

— எங்கேர்ந்து? நான் சேறு எடுத்த தோல் கம்பெனிக் கழிவுக் குழிய மூடி ஃப்ளாட் கட்டியாச்சு.

— ஓரமா எங்கனா ஒரு கை மண்ணு மிச்சமிருக்காதா?

— போய்ப் பாத்துட்டேன். கார் பார்க்கிங் வரைக்கும் டைல்ஸ். அது முப்பது வருஷம் விஷத்துலயே ஊறியும் சாகாத கிருமிக்கா. வேற எடத்துல எட்டு மாசம் தேடினேன். சிக்கவே இல்ல. இனிமே நான் என்ன பண்ணுவேன்?

— ஆபீசர் கால்ல வுழுந்து நான் கேக்கட்டா? தப்பு என்னுதுன்னு?

— கேட்டா? செத்தது பொழைச்சுடுமா? இந்தத் தெருப் புள்ளைங்க இன்னும் எத்தன வருஷம் இதுலயே குளிக்கணுமோ!

— அப்டிச் சொல்லாத. வயிறு எரியுது.

— மன்னிச்சிருங்கக்கா. ஆத்திரத்துல கத்திட்டேன். டெங்குக்குப் பயந்து தெரியாமப் போட்டுட்டீங்க. உங்களச் சொல்லி என்ன பண்றது.

— கொசு மருந்துக்காரன் எவனும் வரலம்மா. தெரிஞ்சேதான் போட்டேன். அந்தச் சேறு எந்தக் குழீலேர்ந்து எடுத்ததுன்னு வெள்ளிக்கெழமதானே நீ வாயத் தொறந்து சொன்னே. என் புள்ள ஜெர்சன் அடைப்பெடுக்க எறங்கி, மேல வராத குழிம்மா அது. அதுக்கா நான் தெனம் வெல்லம் கரைச்சு ஊத்திகினு இருந்தேன்?