ஆறாம் எண் கொக்கி

விசாரணைக் குழுத் தலைவர் அம்மா அவர்களுக்கு,

கட்டுப்பாட்டு அறையில் ஐந்து நாற்காலிகள். அதில் ஒன்றுக்குக் கால் ஆடும். கடைசியாக வருகிறவருக்கு அதுதான் மிச்சம். அன்று எனக்கு அது வாய்த்தது. யார் யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள், மணி என்ன என்பதை முதலில் எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதப் பழக்கினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

நடுமேசையில் துகள் முடுக்கியை இயக்குகிறவர். அவரை டிரைவர் என்போம். அவருக்கு இடப்பக்கம் எங்கள் பேராசிரியர். சுவரோரம், மடியில் பையை வைத்துக்கொண்டு, அடுத்த குழுவின் தலைவி. பன்னிரண்டு மணிக்குப் பீம், அதாவது முடுக்கியிலிருந்து வரும் துகள் கற்றை, அவர்கள் கைக்குப் போகிறது. திரைக்கு எதிரே, ஆடும் நாற்காலியில் நான். ஐந்தாவது நாற்காலி காலி. அதன் முதுகில் என் மைத்துனனின் மேல்சட்டை தொங்கியது. காலை மணி பதினொன்றரை.

மைத்துனன் உள்ளே இருந்தான். துகள்கள் பாயும் அந்தக் கான்கிரீட் கூடத்தை நாங்கள் குகை என்போம். எங்கள் கருவிக்குப் போகும் வாயுக் குழாயில் ஓர் இணைப்பு கசிந்தது. அதை இறுக்கிவிட்டு வரும்படி அவனை அனுப்பியவன் நான்.

கருவியைப் பற்றி இரண்டு வரி. கதவளவு சட்டம், அதில் தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள், இரண்டாயிரத்து முந்நூற்று நான்கு. ஒரு துகள் கடந்துபோனால் எந்தக் கம்பிக்கு அருகில் போனது என்று அது சொல்லவேண்டும். நாலு வருஷம் கையாலேயே இழுத்துக் கட்டினோம். ஒரு முனை என்னிடம், மறுமுனை அவனிடம். ஒவ்வொரு கம்பிக்கும் அப்படித்தான். அவனுடைய அக்காவைக் கட்டிக்கொண்ட நாளாக அவனோடு பேசியதைவிட, அந்தக் கம்பிகளின் இரு முனைகளில் சும்மா நின்ற நேரம்தான் அதிகம்.

ஏற்கெனவே மூன்று முறை பீம் கிடைத்து, மூன்று முறையும் ஏதாவது ஒன்று கெட்டது. நான்காவது முறையும் கணக்கு வராவிட்டால் கருவி கிடங்குக்குப் போகும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். குறைந்தது பத்து நிமிஷப் பதிவு வேண்டும். பத்தே நிமிஷம்.

"என்ன சார், உங்க மச்சினன் உள்ளேயே குடித்தனம் வச்சிட்டானா?" என்றார் டிரைவர்.

"இப்ப வந்துருவான்."

"வரட்டும். ஒம்பது சாவியும் பலகையில தொங்கிச்சுன்னா, நீங்க கேக்காமலே பீம் குடுப்பேன். எட்டு தொங்கினா சாமியே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

அடுத்த குழுத் தலைவி சிரித்தார். "நான் வேணா இப்பவே எடுத்துக்கட்டுமா? நீங்க நிதானமா அடுத்த வருஷம் வாங்களேன்."

பேராசிரியர் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

குகைக் கதவுக்கு வெளியே, நடையில், சாவிப் பலகை இருக்கிறது. ஒன்பது கொக்கி, ஒன்பது சாவி. உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஒரு சாவியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே வந்து திரும்ப மாட்டினால்தான் பலகையிலும் கட்டுப்பாட்டு அறையிலும் பச்சை விளக்கு எரியும். ஆனால் சாவியைக் கோத்திருப்பது இரும்பு வளையம். எங்கள் கருவிக்குப் பக்கத்தில் பெரிய காந்தம் இருக்கிறது. குனிந்தால் சாவி கழுத்தைப் பிடித்து இழுக்கும், ஒருமுறை ஒருவர் மூக்கையே கிழித்துவிட்டது. அதனால் காந்தத்தின் அருகே வேலை செய்கிறவர்கள் எல்லோரும், நான் உட்பட, கதவருகே உள்ள பிளாஸ்டிக் தட்டில் மோதிரம், கடிகாரம், சில்லறையோடு சாவியையும் போட்டுவிட்டுத்தான் போவோம். பித்தளை வளையம் கேட்டு இரண்டு முறை எழுதிப் போட்டேன். நகல்கள் என் கோப்பில் இருக்கின்றன.

பதினொன்று முப்பத்தெட்டுக்குத் திரையில் வாயு அழுத்தம் ஏறி, சரியான அளவில் நின்றது. வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். முடிந்தால் வெளியே வரவேண்டியதுதானே. நான் எழுந்து நடைக்குப் போனேன். அவன் இல்லை. ஆறாம் எண் கொக்கி காலி. தட்டில் ஆறாம் எண் சாவி கிடந்தது. எடுத்து மாட்டினேன். பலகை பச்சையானது. மணி பதினொன்று நாற்பத்தொன்று.

இதுவரை எழுதியது என் முதல் வாக்குமூலத்திலும் உண்டு. வெளியே வந்தவன் சாவியை மாட்ட மறந்து கை கழுவப் போய்விட்டான் என்று நினைத்தேன் எனச் சொன்னேன். நீங்களும் நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை என்று எழுதிக்கொண்டீர்கள்.

கதவருகே மைக் இருக்கிறது. ஏன் கூப்பிட்டுப் பார்க்கவில்லை என்று உங்களில் ஒருவர் கேட்டார். காந்தத்தின் இரைச்சலில் கேட்காது என்றேன். கேட்கும், அம்மா. நன்றாகவே கேட்கும். கூப்பிட்டால் "இன்னும் அஞ்சு நிமிஷம் மாமா" என்பான். அவன் அப்படிச் சொன்னபிறகு நான் சாவியை எப்படி மாட்டுவது?

கற்றை வருமுன் தொண்ணூறு விநாடி மணி அடிக்கும். உள்ளே யாராவது இருந்தால் சிவப்புப் பொத்தானை அமுக்கலாம். அன்று காலையில் அந்த மணியை நானே மூன்று முறை அடித்துச் சோதித்திருந்தேன். சோதனைகள் என் பொறுப்பு. மூன்று முறையும் "டெஸ்ட்தான்பா, வேலையைப் பாருங்க" என்று மைக்கில் சொன்னேன்.

அறைக்குத் திரும்பி, நேரம் போய்விட்டதே, கற்றையை வழக்கத்தைவிடக் கூட்டிக் கொடுக்க முடியுமா என்று டிரைவரிடம் கேட்டேன். அவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் தலையசைத்தார். அவர்கள் இருவர் மேலும் குற்றமில்லை. அவர்கள் பார்த்தது பச்சை விளக்கை மட்டும்தான்.

பதினொன்று நாற்பத்து மூன்றுக்குத் திரையில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. நாலு வருஷத்தில் முதல்முறையாக என் கம்பிகள் பேசின. நூறு துகளுக்குத் தொண்ணூற்றாறைப் பிடித்தன. பேராசிரியர் என் தோளில் கை வைத்தார். அடுத்த குழுத் தலைவிகூட எழுந்து வந்து பார்த்தார். நான் அழுதேன் என்று டிரைவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான்.

பதினொன்று ஐம்பத்து நான்குக்குத் திரை செத்தது. குகைக் கதவு உள்ளிருந்து திறந்தால் கற்றை தானாக நின்றுவிடும். எல்லோரும் நடைக்கு ஓடினார்கள். நான் கடைசி. மைத்துனன் தட்டின் முன்னால் குனிந்து துழாவிக்கொண்டிருந்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை; கதிர்வீச்சு வலிக்காது, வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை.

"எவன்டா என் வாட்ச்ச எடுத்தது? வெளாடாதீங்க," என்றான். அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்தான்.

குழாயை இறுக்கியபிறகு பதினைந்து நிமிஷம் அவன் உள்ளே என்ன செய்தான் என்று குறிப்பில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். கற்றை வந்து முட்டும் செம்புக் கட்டையின் அருகில் மல்லாந்து படுத்து, தொங்கிய வயர்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு வயர்கூடத் தொங்கக்கூடாது என்பது என் கண்டிப்பு.

ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தான். முதல் வாரம் நன்றாகவே பேசினான். தலைமுடி கொட்டியபோது, "மாமா, இப்பத்தான் நான் பேராசிரியர் மாதிரி இருக்கேன்," என்றான். அப்புறம் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. பன்னிரண்டாம் நாள் என்னைப் பக்கத்தில் வரச் சொன்னான்.

"மணி அடிச்சது மாமா. நாலாவது தடவையும் டெஸ்ட்டுன்னு நெனச்சேன். நீங்க மைக்ல சொல்ல மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"பேசாம படு."

"சாவியத் தட்டுல போட்டது என் தப்பு. உங்கள யாரும் ஒண்ணும் சொல்லிடக் கூடாது. அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

சரி என்றேன்.

இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவே காரணம் என்ற அறிக்கையில் திங்கட்கிழமை நீங்கள் கையெழுத்திடப் போவதாக அறிகிறேன். அதன் நகல் எங்கள் வீட்டுக்கு வரும். என் மனைவி அதைப் படித்துவிட்டு மடித்துத் தம்பியின் படத்துக்குப் பின்னால் வைப்பாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே முதல் வாக்குமூலத்தில் விட்டுப்போன ஒன்றை எழுதுகிறேன்.

தட்டில் சாவி மட்டும் கிடக்கவில்லை. அவன் கடிகாரமும் கிடந்தது. குகையை விட்டு வந்தால் அவன் முதலில் அதைத்தான் கட்டுவான், பிறகுதான் சாவி. வேலைக்குச் சேர்ந்தபோது அவனுடைய அக்கா வாங்கிக் கொடுத்தது. எனக்கு அது தெரியும். ஆனாலும் அவன் உள்ளே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் அங்கே இருந்தது என்று மட்டும்தான் தெரியும். இந்த வேறுபாட்டைக் குழு கவனத்தில் கொள்ளவேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். அந்தப் பதினோரு நிமிஷப் பதிவைத் தள்ளுபடி செய்யப்போவதாகச் சொல்கிறார்கள். செய்யாதீர்கள். பதிவில் ஒரு பிழையும் இல்லை. மறுமுனையைப் பிடித்தவன் என்று அவன் பெயரையும் போடலாம்.

என் மனைவி நாலு முறை கேட்டுவிட்டாள். "அவன் வாட்ச்சையாவது ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டு வாங்களேன்." தேடுகிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது என் கருவிப் பெட்டியில், சின்ன ஸ்க்ரூடிரைவர்களுக்கு அடியில் இருந்தது. முதலில் கடிகாரத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டேன். பிறகுதான் சாவியை மாட்டினேன். நடையில் வேறு யாரும் இல்லை.

இத்துடன் வைத்திருக்கிறேன். நேரம் சரியாகவே காட்டுகிறது. அவளிடம் சேர்ப்பித்துவிடுங்கள். தட்டிலேயே கிடந்தது என்று சொன்னால் போதும்.

உறை சற்றுப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. பசை தடவி, மேலே அகராதியை வைத்து அழுத்தியிருக்கிறேன். தபால் நிலையத்தை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். அதற்குள் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, அவளுக்கு மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும்.

இப்படிக்கு,
சோதனைப் பிரிவுப் பொறுப்பாளர்