வெள்ளைச் சுவரில் ஒரு கை

காலை வெயிலை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள் ஐயா. எனக்கென்னவோ அது உப்புச் சப்பில்லாத வெயில். எதன்மேல் விழுந்தாலும் அழகாகக் காட்டிவிடும், படம் எடுப்பவனுக்கு வேலையே இல்லை. நம் ஊர் போன்ற கடலோர ஊரில் உச்சி சாய்கிற நேரம்தான் படத்துக்கு நேரம். வெள்ளைச் சுவர், கறுப்பு நிழல், நடுவில் ஒரு மனுஷன். அவ்வளவு போதும்.

தெருவைப் படம் எடுக்கிறவர்களில் பலர் திருட்டு வேலை செய்வார்கள். "கொஞ்சம் இப்படித் திரும்புங்கம்மா, அந்தக் குடையை விரிங்க" என்பார்கள். நான் அப்படியில்லை. இடம் பார்த்து நிற்பேன், வருகிறவர் வரட்டும் என்று காத்திருப்பேன். ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சம் இடக்கை ஒன்றுதான். அண்ணி தையல் கடைக்குக் கிளம்பும்போது அவனைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் துணித் தொப்பியை மாட்டி, என்னிடம் ஒப்படைப்பார். "தம்பி, கடல் காத்து வாங்கிட்டு வெயில் ஏறுறதுக்குள்ள கூட்டிட்டு வந்துடுங்க. கையைத் தூக்கினா தண்ணி கேக்குறாருன்னு அர்த்தம். மறந்துடாதீங்க."

நான் மறக்கவில்லை.

அவன்மேல் எனக்குக் கோபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் வீட்டுச் சோற்றைத்தான் தின்றுகொண்டிருக்கிறேன். பேச்சு இருந்த காலத்தில், "ஊரே வெயிலுக்கு ஒதுங்குது, என் தம்பி மட்டும் துணி மாதிரி காயப் போறான் பாரு" என்று வாசலில் நின்று சிரிப்பான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. போன வாரம் நேரம் கடந்து திரும்பும் வழியில் அவனை அங்கே நிறுத்தினேன். வெயில் சரிந்து உள்ளே இறங்கியது. கண் கூசி அவன் கையைத் தூக்கினான். ஐந்து விரல்களும் பின்னால் சுவரில் விழுந்தன. இத்தனை வருஷம் தெருத் தெருவாக அலைந்து எனக்குக் கிடைக்காத நிழல் அது. நான் கேமராவை எடுப்பதற்குள் அவன் சக்கரத்தைத் தள்ளிக் கோணலாக நிழலுக்குள் போய்விட்டான். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் நேற்று வலப்பக்கத்துப் பிரேக்கைப் போட்டேன். அவன் கைக்கு அது எட்டாது.

சந்தைக்கு ஐஸ் கொண்டுபோகிற வண்டி அந்தச் சந்து வழியாகத்தான் போகும். சொட்டிய தண்ணீர் தரையில் பளபளக்கும். கையும் வண்டியும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்று காத்திருந்தேன். வண்டி வந்தது. ஆனால் வண்டிக்காரர் நடுவில் நின்றுவிட்டார்.

"ஏங்க, இவருக்கு முகமெல்லாம் செவந்து கிடக்கே. நிழல்ல தள்ளட்டுமா? ஒரு துண்டு ஐஸாவது குடுக்கட்டுமா?"

"வேண்டாங்க. வெயில்ல வைக்கச் சொல்லி டாக்டரே சொல்லியிருக்காரு."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நின்று பேசியதில் படம் கெட்டுப்போனது. அவர் அடுத்த நடை வரும்வரை மறுபடி காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதற்குள் அண்ணன் பலமுறை கையைத் தூக்கினான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாழ்வாக. கண் கூசித் தூக்குகிற கை வேறு, தண்ணீர் கேட்கிற கை வேறு. எனக்கு வித்தியாசம் தெரியும். தண்ணீர் பாட்டில் என் பையில்தான் இருந்தது. கொடுத்தால் கை இறங்கிவிடும்.

வண்டி திரும்ப வந்தபோது கை மடியில் கிடந்தது. வண்டிக்காரர் ஓடிவந்து ஐஸை அள்ளி அவன் தலையில் வைத்துத் தேய்த்தார், என்னைப் பார்த்து என்னவோ கத்தினார். அந்தப் படத்தையும் எடுத்தேன். உங்கள் மேஜையில் கடைசியாக இருப்பது அதுதான்.

ஆஸ்பத்திரியில் அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, அவரு தண்ணி கேட்டாரா?" "கேக்கலை அண்ணி" என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். எனக்கும் அழுகை வருமா என்று பார்த்தேன், வரவில்லை.

தொப்பி எப்படி என் பைக்குள் வந்தது என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அதன் விளிம்பு முகத்தில் நிழல் போட்டது, கழற்றி வைத்தேன். அவனைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் கூடவே இதையும் எழுதுங்கள் ஐயா: தொப்பியையும் பிரேக்கையும் தவிர, அந்தக் காட்சியில் நான் எதையும் தொடவில்லை.