மாப்பிள்ளை ஃபோனுக்கு ஒரு கறுப்புப் பொட்டு

பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் உக்காருங்கப்பா, கால் கடுக்கப் போகுது. பின்வரிசை அண்ணாச்சி... பந்தி எங்கயும் ஓடிப்போயிராது, நீங்களும் உக்காருங்க! ஒரு சின்னக் கதை வச்சிருக்கேன். இலை போடுறதுக்குள்ள முடிச்சிர்றேன்.

வேல்மயில்னு ஒரு தம்பி. மதுரையில வீடு வீடா சாப்பாடு கொண்டுபோய்க் குடுக்கிற வேலை. வண்டி ஹேண்டில்ல ஃபோன் மாட்டியிருக்கும், காலையில இருந்து அதுல மேப் ஓடிக்கிட்டே இருக்கும். பொண்டாட்டி பூமாரி நிறைமாசம். வளைகாப்பு முடிஞ்சு உசிலம்பட்டியில தாய் வீட்டுக்குப் போயிருக்கு. தலைப்பிரசவம்... பயம் இருக்குமா இருக்காதா? போகும்போது ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"ஏங்க, வலி வந்தா நீங்க பக்கத்துல இருக்கணும்."

"ஒரு கால் பண்ணுடி, பறந்து வந்துர்றேன்."

வாய் சொல்லிருச்சு. ஆனா அந்த ஃபோன் இருக்கே... மத்தியானம் தாண்டினா செத்துப்போகும்! பவர் பேங்க் வாங்கலையான்னு கேப்பீங்க. வாங்கினான். மழையில நனைஞ்சு அதுவும் போச்சு.

ஒரு நாள் மூணு மணிக்கு பூமாரிக்கு வலி எடுத்துருச்சு. அது பொய் வலி. ஆனா வலிக்கிறவளுக்கு அது பொய்யின்னு தெரியுமா? கூப்பிடுது... கூப்பிடுது... ஃபோன் அணைஞ்சு கெடக்கு. பொழுது சாஞ்சப்புறம் சார்ஜ் போட்டுப் பேசுறான். அந்தப் பக்கம் ஒரே அழுகை. "ஊருக்கெல்லாம் நேரத்துக்குச் சோறு போகுது. நான் கூப்பிட்டா மட்டும் நீங்க இல்ல."

மறுநாள் விடிஞ்சதும் ஃபோன் கடையில போய் நின்னான். "அக்கா, பாட்டரி மாத்திக் குடுங்க."

கடைக்கார அம்மா செல்வராணி, வாங்கிப் பாத்துட்டுச் சொல்லுது. "பாட்டரி நல்லாத்தான் தம்பி இருக்கு. திரைதான் அம்புட்டையும் குடிக்குது. இது ஓஎல்இடி திரை. பின்னாடி ஒரே லைட்டு எரியுற சமாச்சாரம் இதுல கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானா எரியுற குட்டி விளக்கு. வெள்ளையா காட்டினா அத்தனையும் எரியும். கறுப்பு காட்டுற இடத்துல விளக்கே அணைஞ்சிரும். அணைஞ்ச விளக்கு கரண்ட் தின்னுமா? நீ என்னடான்னா கண்ணைக் கூசுற மாதிரி வச்சிருக்க!"

மேப்பு, மெசேஜ், எல்லாத்தையும் கறுப்புக்கு மாத்திக் குடுத்துச்சு. முகப்புல ஒரு அம்மன் படம், மாமியார் அனுப்பினது, சுத்திலும் சூரியன் கணக்கா மஞ்ச வெளிச்சம். அந்த வெளிச்சத்தை எடுத்துட்டு, நடுவுல அம்மனை மட்டும் வச்சு மிச்சத்தைக் கறுப்பாக்கிருச்சு. "வெயில்ல போறப்ப மட்டும் வெளிச்சத்தை ஏத்திக்க, நிழலுக்கு வந்ததும் இறக்கிரு."

அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஃபோன் உசுரோட இருந்துச்சு. பயலுக்குச் சந்தோசம் தாங்கல. ஞாயித்துக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனான். மாமியார் சீனியம்மா ஃபோனைப் பாத்துருச்சு. அவ்வளவுதான்!

"என்ன மாப்ள இது... புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல, தொறந்தாக் கறுப்பா? ஆகாது மாப்ள. பழையபடி மாத்துங்க!"

மாமியார் பேச்சைத் தட்ட முடியுமா? நம்ம பய கை தானா ஃபோனுக்குப் போகுது. அப்பத்தான் பூமாரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வந்து ஃபோனைப் பிடுங்குச்சு.

"எம்மா, எம்புள்ள பொறந்ததும் கன்னத்துல பொட்டு வைப்பியே, என்ன கலர்ல வைப்ப?"

"...கறுப்புத்தான்டி."

"அதுக்குக் காவலுன்னா கறுப்பு ஆகும், இவரு என்கிட்ட வந்து சேர்றதுக்கு ஆகாதா? எனக்குப் பயமா இருக்கும்மா. இவரு ஃபோன் அணைஞ்சிரக் கூடாது."

சீனியம்மா ஃபோனை வாங்கி உத்துப் பாக்குது. சுத்திலும் இருட்டு, நடுவுல அம்மன் முகம் மட்டும் பளிச்சுனு... மெதுவாச் சொல்லுது, "ஏன்டி, கருவறையில பாக்குற மாதிரியே இருக்கேடி!" சொல்லிட்டுக் கன்னத்துல போட்டுக்கிச்சு.

அடுத்த வாரம், சாயங்காலம் அஞ்சு மணி. சிம்மக்கல்லுல டெலிவரி குடுத்துட்டு மாடிப்படி இறங்குறான். ஃபோன் அடிக்குது! ஆமாய்யா, அடிக்குது! "ஏங்க..." அந்த ஒரு சொல்லு போதும், வண்டியைத் திருப்பிட்டான். ஆஸ்பத்திரியில பிரசவ அறைக்குள்ள கூட்டிக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி போய்க் கையைப் பிடிச்சிட்டான். பொம்பளப் புள்ள. மூக்கும் முழியுமா.

வீட்டுக்கு வந்ததும் சீனியம்மா மையெடுத்துப் புள்ள கன்னத்துல வச்சுச்சு. விரல்ல மிச்சம் இருந்துச்சு. "மாப்ள, அந்த ஃபோனைக் குடுங்க"ன்னு வாங்கி, அது முதுகுலயும் ஒரு பொட்டு வச்சுவிட்டுச்சு!

சிரிக்கிறீங்க... சிரிங்க. ஆனா மாப்ள, பொண்ணே, உங்களுக்குத்தான் இந்தக் கதை. நாளையில இருந்து ஆபீஸ்ல சிரிக்கணும், சொந்தக்காரன் கிட்ட சிரிக்கணும், எல்லா வாக்குவாதத்துலயும் ஜெயிக்கணும்... இப்படி எல்லாப் புள்ளியும் எரிஞ்சா, வீட்டுக்கு வர்றப்ப என்ன மிச்சம் இருக்கும்? கடுகடுன்னு ஒரு மூஞ்சிதானே மிச்சம்? வேண்டாத எடத்துல பேசாம அணைஞ்சிருங்க. வாய் மூடி இருக்கிறதுல ஒரு குறையும் வந்துராது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் காட்டிட்டு, வீட்டுல ஒருத்தர் "ஏங்க"ன்னு கூப்பிடுறப்ப அணைஞ்சு கெடக்காதீங்க. அந்த ஒரு கூப்பாட்டுக்குச் சார்ஜ் வச்சிருங்க... நல்லா இருப்பீங்க!