மண்மேட்டுப் பாதை

உங்கள் மேசையின் ஒரு கால் ஆடுகிறது, சார். அட்டையை மடித்து அண்டை கொடுங்கள், நின்றுவிடும். ஆடுகிற சாமானைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

என் லீவர் ஒருநாளும் ஆடியதில்லை. மலையிலிருந்து இறங்கும் குட்டி ரயில் என் கேபின் முன்னால் நின்றே ஆக வேண்டும். அது நிற்கும்வரை தண்டவாளம் மண்மேட்டுப் பக்கம் திரும்பியிருக்கும். பிரேக் போன வண்டி வந்தால் மேட்டில் ஏறித் தானாக அடங்கிவிடும். ஒழுங்காக நின்ற வண்டிக்குத்தான் லீவரை இழுத்துக் கீழ்ப்பாதையைத் திறப்பேன். அதில் அடுத்த வளைவே பள்ளத்தின் விளிம்பில்தான்.

டிரைவர் என் மச்சினன், மனைவியின் தம்பி. அவனை ரயில்வேயில் சேர்த்துவிட்டதே நான்தான். அந்த நன்றி மருந்துக்கும் இல்லை. அன்று காலை மேலே ஏறும்போது, எஞ்சினிலிருந்து தலையை நீட்டிச் சொன்னான்: "மேலே போய் அக்காவை இதே வண்டியில எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், மாமா. இனிமே உங்ககிட்ட அனுப்பமாட்டேன். திரும்பி வரும்போது வம்பு பண்ணாம லீவரைப் போட்டுவிடுங்க, போதும்."

நாலு பேர் காதில் விழும்படி சொன்னான்.

அவள் கை முறிந்ததுதான் அவனுக்குக் காரணம். முறுக்கியது நான்தான், மறைக்கவில்லை. அசையாமல் இருந்திருந்தால் முறிந்திருக்காது. மற்றபடி அவளை ஒரு குறையும் இல்லாமல்தான் வைத்திருந்தேன்.

வண்டி இறங்கும்போது விசில் விடாமல் அலறியது. பிரேக் போய்விட்டது என்று அர்த்தம். பிரேக்கில் நான் கை வைக்கவில்லை, அது தானாகப் போனது. நான் சும்மா நின்றிருந்தாலே எல்லோரும் பிழைத்திருப்பார்கள். பதற்றத்தில் லீவரை இழுத்துவிட்டேன் என்று உங்கள் போலீஸ்காரர் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடுங்கள். எனக்குப் பதற்றமே வராது. நிதானமாக, இரண்டு கையாலும் இழுத்தேன்.

கேபினுக்கு மேலே உள்ள வளைவு திரும்பியதும் மச்சினன் என்னைப் பார்த்தான். முகத்தில் அப்படியொரு நிம்மதி. மண்மேடு இருக்கிறதே என்று நினைத்திருப்பான். அப்புறம் தண்டவாளத்தைப் பார்த்தான். "மாமா" என்று கத்தினான்.

எஞ்சின் கவிழ்ந்து, அதன்மேல் பெட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பாய்லர் உடைந்து கொதிநீர் அவன்மேல் கொட்டியது. ரொம்ப நேரம் சத்தம் கேட்டது. சின்னப் பிள்ளைகள் சத்தமும்தான். அவர்களுக்காக வருத்தப்படுகிறேன். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

கடைசிப் பெட்டி மட்டும் மரத்தில் சிக்கிக்கொண்டது. அதில்தான் என் மனைவி இருந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்துவிட்டாளாம். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். கோபம் இரண்டு நாளில் தணிந்துவிடும். கை கூடியதும் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், சார். தம்பியும் போய்விட்டான். இனி என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?