தேவஇரக்கம் நிறுத்திய ஆட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் கலை, உணவு விழாக் குழுத் தலைவர் சுயம்புலிங்கம் அவர்களே, செயலாளர் அவர்களே, தேவஇரக்கத்தின் படத்துக்கு மாலை போட்ட கையோடு நாற்காலியைப் பிடித்துக்கொண்ட ஏனைய பெரியோர்களே! எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும் சமையல் பெண்களே, ஆட்டக் கலைஞர்களே! ராஜபாளையத்துத் தறிக்கூடங்களிலிருந்தும், ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம், வத்திராயிருப்பிலிருந்தும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே! முதல் வரிசையில் இருக்கும் அவர் மனைவி, எங்கள் ஜாஸ்மின் தங்கச்சியே! உங்கள் எல்லோருக்கும் சமையல் பெண்களில் ஒருத்தியான பாலம்மாளின் வணக்கம்.

சுருக்கமாகப் பேசும்படி செயலாளர் என் காதில் சொன்னார். முடியாது. மில் வாசலில் சங்கத்துக்காக மைக் இல்லாமல் பேசிப் பழகியவள் நான். மைக்கைப் பிடுங்கினாலும் பேசுவேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள், தேவஇரக்கம் அவர்கள் யார் மனமும் நோகாமல் நடந்துகொண்டவர் என்றார்கள். பூப்போன்றவர் என்றார்கள். யாரைச் சொல்கிறீர்கள்? நாம் அடக்கம் செய்துவிட்டு வந்தோமே, அவரையா? பேண்டேஜ் துணி நெய்யும் கூடத்தில் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். தறிச் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி, அவர் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல இருக்கும். அவரிடம் திட்டு வாங்காத ஒருவர் இந்தப் பந்தலில் உண்டா? என்னைத் திட்டியிருக்கிறார். இதோ இந்தத் தலைவரைத் திட்டியிருக்கிறார். செத்துப்போனார் என்பதற்காக அவரைச் சாதுவாக்காதீர்கள்! உங்களுக்குத் தொந்தரவு தராத ஒரு தேவஇரக்கத்தை நீங்களாகச் செய்து மாலை போடாதீர்கள்!

நம் கலை, உணவு விழாவைத் தொடங்கியவர் யார்? அவர்தான். தேவாலயத்தில் நாற்காலி கேட்டு நின்றார். கோவில் மடப்பள்ளியில் அண்டா கேட்டு நின்றார். பள்ளிவாசல் தெருவில் பந்தல் துணி கேட்டு நின்றார். அடுத்தடுத்த தெருவில் இருந்துகொண்டு அடுத்தவர் வீட்டுக் குழம்பு எப்படி இருக்கும் என்று தெரியாமல் கிடந்த ஊரை, ஒரே பந்தியில் உட்கார வைத்தார். ஒரு வருடம், மம்சாபுரத்துப் பெண்கள் கொண்டுவந்த ரத்தப் பொரியல் சட்டியைப் பந்தலுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார் நம் செயலாளர். சிலர் முகம் சுளிக்கிறார்களாம்! தேவஇரக்கம் அந்தச் சட்டியைத் தானே தூக்கிவந்தார். தெலுங்கு பேசும் வீட்டிலிருந்து வந்த புளிச்சக்கீரைத் துவையலுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாத் தட்டுக்கும் நடுவில் வைத்தார்.

"புடிக்காதவுக திங்க வேண்டாம். ஒளிச்சு வைக்கதுக்கு இது என்ன களவாண்ட பொருளா?" என்று கத்தினார். சட்டி காலியான வேகத்தை நீங்களெல்லாம் பார்த்தீர்கள். முகம் சுளித்தவர்களும் வரிசையில் நின்றதை நான் பார்த்தேன்.

இப்போது, யாரும் இங்கே சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். தலைவர் தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள், தேவைப்படும்.

போன வருட விழாவில், மலைவாழ் மக்களான பளியரின் ஆட்டம் வைப்பது என்று முடிவானது. அய்யனார் கோவில் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து இருளப்பசாமி அய்யாவும் அவருடைய ஆட்களும் வந்தார்கள். அய்யா வெளுத்த வேட்டியும் சட்டையும் போட்டிருந்தார். அவர் மகள் மாரிசெல்வி, நூல் மில்லில் வேலை பார்க்கிறவள், நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் அவர்களுக்காக என்ன காத்திருந்தது தெரியுமா? ஒரு வண்டி நிறையத் தழை! சாக்குத் துணியில் கோத்துத் தைத்த தழைப் பாவாடை! முகத்தில் பூசக் கரி!

மாரிசெல்வி கேட்டாள்: "எங்க பாட்டாவே வேட்டி கட்டித்தான் ஆடுனாரு. இந்தத் தழைய நீங்க எங்க பாத்தீக?"

செயலாளர் சொன்னார்: "சேலையோட ஆடுனா மலைசாதின்னு யாரு நம்புவா? வண்டி அனுப்பியிருக்கு, சோறு போட்டிருக்கு. சொன்னதைக் கட்டு."

இல்லை என்று சொல்லுங்கள் செயலாளரே! நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மாரிசெல்வி கட்ட மறுத்துக் கீழே நின்றுகொண்டாள். ஆனால் இருளப்பசாமி அய்யா, வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று நினைத்தார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அந்த வயதில், அந்தத் தழையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் சிரித்தார். செல்போன்கள் உயர்ந்தன. ஒருவர், "இன்னும் கொஞ்சம் குதிக்கச் சொல்லுங்கப்பா" என்று கத்தினார்.

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த தேவஇரக்கம் அதைப் பார்த்தார். கை கழுவக்கூட இல்லை. குழம்பு படிந்த கையோடு மேடை ஏறி, மைக்கைப் பிடித்தார்.

"செத்த நேரம் ஆட்டம் நிக்கும். இவிய உடுப்பு மாத்திட்டு வருவாக. இந்தத் தழை இவிய கேட்டது இல்ல. விழாக் குழு கட்டிவிட்டது. காத்திருக்கவுக காத்திருங்க. தழையப் பாக்க வந்தவுக எந்திரிச்சுக் காட்டுக்குப் போங்க!"

தலைவர் கீழிருந்து கத்தினார்: "ஏலே! விருந்தாளி முன்னால என்ன காரியம்லே பண்ணுத? எறங்குலே!"

தேவஇரக்கம் என்ன சொன்னார்? "நீங்க மேல வாங்க அண்ணாச்சி. இதே தழையக் கட்டிக்கிட்டு நீங்க ஆடுங்க. நான் எறங்குதேன்."

ஏறினீர்களா தலைவரே? ஏன் ஏறவில்லை? கலைதானே! பண்பாடுதானே! உங்கள் இடுப்பில் கட்டினால் அது வேறு ஒன்றாகிவிடுமா?

விருந்தினர் காரில் ஏறிப் போனார். தண்ணீர் பாட்டில்கள் மேடைக்குப் பறந்தன. ஒன்று தேவஇரக்கத்தின் தோளில் பட்டது. அவர் நகரவில்லை. ஆனால் மேடைக்குப் பின்னால் அவருக்கு வலித்தது அந்த அடி அல்ல. இருளப்பசாமி அய்யா சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீ செஞ்சது சரி. ஆனா எங்க மானத்த மைக்ல சொல்லணுமாய்யா? எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே அவுத்திருப்பேன்ல?"

கத்திப் பேசியே பழகிய மனிதர் அன்று குரலைத் தணித்துக்கொண்டார். கை கூப்பினார். "தப்புதான்யா. எங்கிட்ட கோவம் மட்டுந்தான் இருந்துச்சு. மன்னிச்சிருங்க" என்றார்.

பிறகு அவர்கள் மேடை ஏறினார்கள். வேட்டியும் சட்டையுமாக அய்யா. சேலையோடு மாரிசெல்வி. மைதானம் பாதி காலி. அப்போது எங்கள் பெண்கள் சட்டிகளை மூடிவைத்துவிட்டு வந்து, பெரிய மனிதர்கள் விட்டுப்போன முன்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். இவ்வளவு வருடத்தில் அவர்கள் உட்கார்ந்து பார்த்த முதல் ஆட்டம் அது. என்ன ஆட்டம்! நான் சொல்லத் தெரியாதவள். பார்த்தவர்களைக் கேளுங்கள்.

அங்கே யாரோ, "எளவு கேக்க வந்த எடத்துல இதெல்லாம் எதுக்கு?" என்கிறார்கள். கேட்கிறது. உயிரோடு இருந்தபோது பேசுவதற்கு நீங்கள் இடம் கொடுத்தீர்களா? இங்கே பேசாமல் எங்கே பேசுவது?

மறுவாரம் பொதுக்குழுவைக் கூட்டினீர்கள். விருந்தினரிடம் மன்னிப்புக் கேள் என்றீர்கள். தேவஇரக்கம் எழுந்து, "மன்னிப்பு கேட்டாச்சு. யாருகிட்ட கேக்கணுமோ அவருகிட்ட கேட்டாச்சு" என்றார். அமைப்பாளர் பொறுப்பிலிருந்து அவரை நீக்கத் தீர்மானம் வைத்தீர்கள். எதிர்த்துப் பேசியவள் நான் ஒருத்திதான். அவர் கையால் பரிமாறிச் சாப்பிட்டவர்கள், அவர் பிடித்த மைக்கில் பாடிப் பேர் வாங்கியவர்கள், அவர் கெஞ்சி வாங்கிக் கொடுத்த மேடையில் ஆடியவர்கள், எல்லோரும் அங்கே இருந்தீர்கள். ஒருவர் சுவரைப் பார்த்தார். ஒருவர் செல்போனைப் பார்த்தார். வாய் திறந்தவர் யார்? அவர் தனியாக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இந்த வருடம் விழா நடத்தினீர்கள். மலையிலிருந்து யாரும் வரவில்லை. வெளியூர் நடனக் குழுவைக் கூட்டிவந்து, பிளாஸ்டிக் தழையைக் கட்டிவிட்டு, பளியர் ஆட்டம் என்று அறிவித்தீர்கள். தேவஇரக்கம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், ஜாஸ்மினிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்: "ஆட்டத்துக்கு அந்த ஆளுகளே வேண்டாம்னு ஆக்கிப்புட்டாகளேட்டி."

கொஞ்ச நாளில் தறிக்கூடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்த மேடையிலிருந்து யார் வந்தீர்கள்? இருளப்பசாமி அய்யா வந்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் உள்ளே விடமாட்டோம் என்றார்கள்; வாசலிலேயே காத்துக் கிடந்தார். அடக்கம் வரைக்கும் அவர் ஊர் திரும்பவே இல்லை.

இன்று அறிவிக்கிறீர்கள், விழா மேடைக்குத் தேவஇரக்கம் கலையரங்கம் என்று பெயராம்! ஜாஸ்மினிடம் கேட்டீர்களா? என்னிடம் அவள் சொன்னதைச் சொல்கிறேன்: "அக்கா, பிளாஸ்டிக் தழை ஆடுன மேடைக்கு அவிய பேரு வேண்டாம். நல்லதா நாலு வார்த்தை பேசிட்டு எறங்கிராதீக. உள்ளதப் பேசுங்க." பேசிவிட்டேன் தங்கச்சி.

அன்புக்குரியவர்களே, சமையல் பெண்கள் சார்பில் உறுதி சொல்கிறேன். இனி இந்தக் குழுவின் பந்தலுக்கு எங்கள் அடுப்பு வராது. வரும் விழாவை மம்சாபுரத்தில் நாங்களே நடத்துவோம். எந்தச் சட்டியும் மறைவில் இருக்காது. எந்த ஆட்டம், என்ன உடுப்பு, எவ்வளவு நேரம் என்பதை ஆடுகிறவர்களே சொல்வார்கள். மாரிசெல்வி அமைப்பாளராக இருக்கச் சம்மதித்திருக்கிறாள். அவள் எங்களைக் கேள்வி கேட்பாள், நாங்கள் பதில் சொல்வோம். தேவஇரக்கம் தொடங்கிய வேலை நிற்காது. அவர் கோபத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறோம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. வேண்டாம். பொதுக்குழுவிலேயே அவருக்குப் போதுமான மௌன அஞ்சலி செலுத்திவிட்டீர்கள். எழுந்து நில்லுங்கள். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை, இதோ அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், ஒவ்வொருவராக வந்து அவளிடம் சத்தமாகச் சொல்லுங்கள்.

மைக் இங்கே இருக்கிறது. யார் முதலில் வருகிறீர்கள்?